வேட்டை ரைஃபிளுக்கு எவ்வளவு எடை சரி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவிலோ அமெரிக்காவிலோ நியூசிலாந்திலோ வசிக்கும் ஒருவர் உரிமம் பெற்று முதன்முறையாக மான் வேட்டைக்குத் தயாராகும்போது, துப்பாக்கிக் கடையில் அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் தோட்டாவைப் பற்றியதாகவே இருக்கும். .308 நல்லதா, 6.5 கிரீட்மூர் நல்லதா என்று மணிக்கணக்கில் விசாரிப்பவர், துப்பாக்கியின் எடையை மட்டும் கையில் தூக்கிப் பார்த்து ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார். கடையின் வெளிச்சத்தில், களைப்பில்லாத கையில், இலேசான துப்பாக்கி எப்போதும் நன்றாகத்தான் தோன்றும். ஆனால் துப்பாக்கியின் எடை நம்மைத் தொடுவது கடையில் அல்ல. நாள் முழுக்க நடந்து மேடேறிய பிறகு, மூச்சு வாங்கும் நேரத்தில், மானின் தோளுக்குப் பின்னால் குறிவைத்து விசையை அழுத்தும் அந்தச் சில நொடிகளில்தான் அது தொடுகிறது. அந்த நொடிகளை மனத்தில் வைத்து எடையைத் தேர்ந்தெடுக்கும் முறையை இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம். ஆகவே இங்கே சொல்லப்படுவது யாவும் வேட்டைப் பருவமும் உரிமமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட நாடுகளில் வசிப்போருக்கானது. கனடாவில் இருப்பவர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேட்டைக்கல்விப் பயிற்சி தனி. இவற்றை முடித்த ஒருவருக்காகவே எழுதுகிறேன் என்பதால் பாதுகாப்பு விதிகளைத் திரும்பச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். கீழே வரும் சோதனைகளில் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும், முதலில் தோட்டா அறையும் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதல் படி: எந்த எடையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

விலைப்பட்டியலில் அச்சிடப்பட்டிருப்பது வெறும் துப்பாக்கியின் எடை. அதில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இருக்காது. ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் அடித்தட்டும் வளையங்களும் இருக்காது. தோள்வாரும் தோட்டாக்களும் இருக்காது. வேட்டைக்காரர் காட்டுக்குள் சுமப்பதோ இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இதை முழு எடை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிடும்போது முழு எடையை முழு எடையோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பின்லாந்தில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ் லைட் புதியவர்கள் பலர் வாங்கும் ரைஃபிள். வெறும் துப்பாக்கி ஏறக்குறைய 2.9 கிலோ. அதன்மேல் 3-9×40 அளவுள்ள (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்ட) சாதாரண ஸ்கோப் ஒன்றைப் பூட்டினால் 350 கிராம் கூடும். வளையங்களுக்கு 100 கிராம், வாருக்கு 150 கிராம். .308 தோட்டா ஒன்று சுமார் 25 கிராம் என்பதால் நான்கு தோட்டாவுக்கு இன்னொரு 100 கிராம். மொத்தம் 3.6 கிலோ, அதாவது ஏறத்தாழ 8 பவுண்டு. வட அமெரிக்கக் கடைகளில் எடையைப் பவுண்டிலேயே சொல்வார்கள் என்பதால், 1 பவுண்டு 454 கிராம் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதே கணக்கை இரண்டு எல்லைகளிலும் போட்டுப் பாருங்கள். மலை வேட்டைக்கென்றே செய்யப்பட்ட கிம்பர் மவுண்டன் அசென்ட் .308இல் 2.2 கிலோ அளவில்தான் இருக்கும். இலேசான ஸ்கோப்போடும் வளையங்களோடும் சேர்த்தாலும் 2.8 கிலோவுக்குள் அடங்கிவிடும். மறுபக்கம், தொலைதூர இலக்குகளைச் சுடுவதற்கும் வேட்டைக்கும் பொதுவாகச் செய்யப்படும் பெர்காரா பி-14 எச்எம்ஆர் போன்ற துப்பாக்கி வெறுமனே 4 கிலோவைத் தாண்டும். அதன்மேல் ஒரு கிலோ எடையுள்ள பெரிய ஸ்கோப்பையும் 400 கிராம் பைபாட் என்ற இருகால் தாங்கியையும் மாட்டினால் முழு எடை 6 கிலோவை எட்டிவிடுகிறது. இரண்டுமே வேட்டை ரைஃபிள் என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. ஒன்று மற்றதைப் போல இருமடங்குக்கு மேல் கனம்.

இரண்டாம் படி: எப்படி வேட்டையாடப் போகிறோம் என்று எழுதிக்கொள்ளுதல்

எடையைத் தீர்மானிப்பது விலங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் முன்னால் தீர்மானிப்பது நடை. வருகிற பருவத்தில் எங்கே, எவ்வளவு நேரம், எந்த மாதிரி நிலத்தில் நடக்கப் போகிறோம் என்பதை ஒரு தாளில் நேர்மையாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். என்றோ ஒருநாள் போகலாம் என்று கனவு காணும் மலைக்காக அல்ல, இந்த நவம்பரில் நிச்சயமாகப் போகப் போகிற காட்டுக்காக எழுத வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோவில் வெள்ளைவால் மானுக்காகப் பரணில் அமர்ந்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பரண் வரை சிறிது தூரமே நடை. அதன்பின் பல மணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும்; மான் வரும்போது துப்பாக்கியைப் பரணின் கம்பிமேல் தாங்கிச் சுட வேண்டும். இவருக்கு 4 கிலோ ஒரு சுமையே அல்ல. வடக்கு ஒன்டாரியோவில் படகில் சென்று ஏரிக்கரையில் மூஸ் என்னும் பெரிய மானுக்காகக் காத்திருப்பவரும் இதே நிலையில்தான் இருக்கிறார். படகு சுமக்கும் எடையை அவர் எண்ண வேண்டியதில்லை.

அடர்ந்த புதர்க்காட்டில் மெல்ல மெல்ல நடந்து, நின்று, கவனித்து மீண்டும் நடப்பவரின் தேவை வேறு. அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டுவதே இல்லை. இரண்டு கைகளிலும் குறுக்காகப் பிடித்தபடியே நடக்கிறார். மான் தென்பட்டால் சில நொடிகளில் தூக்கிச் சுட வேண்டும். தூரம் 50 அல்லது 80 மீட்டராக இருக்கும். வின்செஸ்டர் மாடல் 94 என்ற .30-30 லீவர் ரைஃபிள் (நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றுவது) நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலைக்குப் பெயர் பெற்றிருப்பதற்குக் காரணம் அதன் எடை மூன்று கிலோவை ஒட்டி இருப்பது மட்டுமல்ல. குட்டையான, தட்டையான அதன் உடல் நடுவில் ஒரு கைக்குள் அடங்கிவிடுவதும்தான்.

மலை வேட்டை மூன்றாவது வகை. ராக்கி மலைத்தொடரில் எல்க் மானைத் தேடுபவர் கடல் மட்டத்திலிருந்து 2,500 முதல் 3,500 மீட்டர் உயரத்தில், கூடாரமும் உணவும் முதுகில் சுமந்து, பல நாட்கள் ஏறி இறங்குகிறார். நியூசிலாந்தின் தெற்கு ஆல்ப்ஸில் இமாலய வரையாட்டைத் தேடுபவருக்கும் இதே கதைதான். (1904இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட அந்த விலங்கு நமது நீலகிரி வரையாட்டிலிருந்து வேறான இனம்; நம்முடையது பாதுகாக்கப்பட்ட உயிர், தமிழ்நாட்டின் மாநில விலங்கு.) இத்தகைய வேட்டையில் அரைக் கிலோ குறைந்தாலும் மாலையில் உடலுக்குத் தெரியும். வேட்டை வெற்றி பெற்றால் சுமை இன்னும் கூடுகிறது. எல்க் மானின் ஒரு பின்னந்தொடையே சாதாரணமாக 25 கிலோவைத் தாண்டும் என்பதால், இறைச்சியைப் பல நடைகளாக இறக்கும்போது பைக்குப் பக்கத்தில் கட்டிய துப்பாக்கியும் கூடவே வருகிறது.

இந்த வகைகளில் எது உங்களுடையது என்று தெரிந்தால் எடையின் எல்லைகள் ஓரளவு புலப்படும். பரணுக்கும் படகுக்கும் முழு எடை 3.6 முதல் 4.3 கிலோ வரை இருக்கலாம். புதர்க்காட்டு நடைக்கு 3.2 முதல் 3.6. மலைக்கு 2.8 முதல் 3.4. இவை சட்டமல்ல, என் கணிப்பு. ஆனால் இந்த எல்லைகளுக்கு வெளியே போகிறவர் ஏன் போகிறார் என்பதற்கு ஒரு காரணத்தைச் சொல்ல முடிய வேண்டும்.

மூன்றாம் படி: எடையையும் தோட்டாவையும் சேர்த்துக் கணக்கிடுதல்

எடையைக் குறைத்தால் அதற்கான விலையைத் தோள் கொடுக்கிறது என்பதால், இந்தப் படியில் சற்று நிதானமாக இருக்க வேண்டும். ஓடத்திலிருந்து கரைக்குத் தாவும்போது ஓடம் பின்னால் போகிறதல்லவா, அதே விதிதான் துப்பாக்கியிலும் வேலை செய்கிறது. குண்டும் வெடிமருந்தின் வாயுவும் முன்னால் பாயும்போது எவ்வளவு உந்தம் பெறுகின்றனவோ, அவ்வளவு உந்தத்தைத் துப்பாக்கி பின்னால் பெறுகிறது. உந்தம் தோட்டாவைப் பொறுத்தது. துப்பாக்கியை மாற்றினாலும் மாறாது. ஆனால் அந்த உந்தம் தோளில் எவ்வளவு ஆற்றலாக இறங்கும் என்பது துப்பாக்கியின் எடைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். எடை பாதியானால் உதை இரண்டு மடங்காகும்.

.308 வின்செஸ்டர் தோட்டாவில் 9.7 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கிட்டத்தட்ட 2.9 கிராம் வெடிமருந்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், முழு எடை 4 கிலோ உள்ள துப்பாக்கியில் பின்னுதைப்பு சுமார் 20 ஜூல் வருகிறது. 3.5 கிலோவில் அது 23 ஜூல்; 2.8 கிலோவில் 29 ஜூல். ஆற்றலோடு வேகமும் மாறுகிறது. 4 கிலோ துப்பாக்கி நொடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் தோளைத் தள்ளினால், 2.8 கிலோ துப்பாக்கி 4.5 மீட்டர் வேகத்தில் தாக்குகிறது. முன்னது தள்ளுவதாகவும் பின்னது குத்துவதாகவும் உணரப்படுவது இந்த வேக வித்தியாசத்தால்தான்.

அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக ஒரு கைக்கணக்கு உண்டு. 15 அடி-பவுண்டு, அதாவது 20 ஜூல் வரை பெரும்பாலோர் கூச்சமின்றிச் சுடுவர். 20 அடி-பவுண்டைத் தாண்டினால், அதாவது 27 ஜூலுக்கு மேல், பழக்கமில்லாதவரின் சுடும் திறன் கெடத் தொடங்கும். இந்தக் கணக்கை மேலே சொன்ன எண்களோடு வைத்துப் பார்த்தால், 2.8 கிலோவுள்ள .308 புதியவருக்கு எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பது தெளிவு. அதே 2.8 கிலோவில் 6.5 கிரீட்மூர் தோட்டா சுமார் 24 ஜூல்தான் தரும்; .243 வின்செஸ்டர் 18 ஜூல். இலேசான துப்பாக்கிதான் வேண்டும் என்றால் தோட்டாவையும் இலேசானதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள். 2.8 கிலோ கிரீட்மூரும் 3.5 கிலோ .308ம் தோளுக்கு ஏறக்குறைய ஒன்றே.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவை எல்க் மானுக்காகப் பரிந்துரைக்கும் கடைக்காரர்கள் பலர். 4 கிலோ துப்பாக்கியில்கூட அதன் உதை 40 ஜூலை எட்டும், 3.2 கிலோ மலைத் துப்பாக்கியில் 50 ஜூல். புதியவர் ஒருவர் இலேசான மேக்னம் துப்பாக்கியை வாங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். எல்க் மானை .308ம் .30-06ம் நன்றாகவே வீழ்த்தும். சரியான இடத்தில் படாத மேக்னம் குண்டோ விலங்கைக் காயப்படுத்திக் காட்டுக்குள் ஓடவிடும். காயம்பட்டு ஓடிய விலங்கு துன்பப்பட்டுச் சாவதற்கு நாம் வாங்கிய துப்பாக்கி காரணமாகக் கூடாது.

ஆப்பிரிக்காவில் காட்டெருமையைச் சுடும் .375 எச்அண்ட்எச் துப்பாக்கிகள் 4 கிலோவுக்கு மேலும், அதனினும் பெரிய இரட்டைக்குழல் ரைஃபிள்கள் 5 கிலோ அளவிலும் செய்யப்படுவதற்கும் இதே கணக்குதான் காரணம்.

உதையைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. அடிக்கட்டையில், அதாவது தோளில் படும் பின்முனையில், நல்ல ரப்பர் பட்டை பொருத்துவது எல்லோருக்கும் உகந்தது; அது ஆற்றலைக் குறைக்காவிட்டாலும், நேரத்தைச் சற்று நீட்டிக் குத்தைத் தள்ளலாக மாற்றுகிறது. குழல் வாயில் மாட்டி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் உதையைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் ஓசையைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால் சுடுபவரின் காதும் அருகில் நிற்பவரின் காதும் பாதிக்கப்படும். காதுக்காப்பு இல்லாமல் ஒரே ஒரு முறை சுட்டாலும் கேள்விப்புலனுக்கு நிரந்தரச் சேதம் நேரலாம். சப்ரசர் என்ற ஓசையடக்கி உதையையும் ஓசையையும் ஒருங்கே குறைக்கும். நியூசிலாந்தில் அது சாதாரணப் பொருள், கனடாவில் முற்றிலும் தடை. அனுமதி உள்ள இடத்தில் வாங்குபவர் அதன் 250 முதல் 500 கிராம் எடையும் குழலின் நுனியில் வந்து அமரும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: எடை எங்கே இருக்கிறது என்று பார்த்தல்

ஒரே 3.6 கிலோவுள்ள இரண்டு துப்பாக்கிகள் கையில் இருவேறு விதமாக இருக்கும். எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதே வேறுபாடு. ஸ்கோப் பூட்டிய துப்பாக்கியை மேகசினுக்குச் சற்று முன்னால், கட்டையை (குழலைத் தாங்கித் தோள்வரை நீளும் உடற்பகுதியை) இரும்போடு இணைக்கும் முன் திருகின் அருகே, ஒரு விரலின்மேல் வைத்துச் சமநிலை பாருங்கள். அந்த இடத்தையொட்டி நின்றால் பெரும்பாலோருக்குக் கையில் இணக்கமாக இருக்கும். சற்று முன்கனம் இருந்தால் நின்று சுடும்போது குழல் நிலைத்து நிற்கும். பின்கனம் இருந்தால் குழல் நுனி அலைபாயும்.

இதனால்தான் எடைக் குறைப்பைக் குழலில் மட்டும் செய்யும் துப்பாக்கிகளை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். சாதாரண வேட்டைக் குழலை நுனியில் ஓர் அங்குலம் வெட்டினால் 30 கிராம் அளவே குறையும். இலக்குச் சுடுதலுக்கான தடித்த குழலில் அதே ஓர் அங்குலம் 70 கிராமைத் தாண்டும். ஆகவே 24 அங்குலச் சாதாரணக் குழலை 22 ஆக்குவதால் எடையில் பெரிய லாபம் எதுவுமில்லை. காட்டில் கிளைகளில் மாட்டாமல் இருப்பதுதான் லாபம். மெல்லிய குழலுக்கு இன்னொரு குணமும் உண்டு. தொடர்ந்து மூன்று நான்கு முறை சுட்டால் சூடேறி, குண்டு விழும் இடம் நகரத் தொடங்கலாம். வேட்டையில் முதல் இரண்டு குண்டுகளே முக்கியம் என்பதால் காட்டில் இது குறையாகாது. பயிற்சித் திடலில் மட்டும், குழல் ஆறும்வரை பொறுத்திருந்து அடுத்ததைச் சுட வேண்டும்.

கட்டையில் எடை குறைப்பது பொதுவாக நல்ல பலன் தரும். கார்பன் இழைக் கட்டை 600 முதல் 800 கிராமில் முடிந்துவிடும். வால்நட் மரக்கட்டை ஒரு கிலோ அளவில் இருக்கும். பலகைகளை ஒட்டிச் செய்யும் லேமினேட் கட்டை அதற்கும் மேல். கார்பன் சுற்றிய குழல், டைட்டானியம் போல்ட் (தோட்டா அறையை மூடும் தண்டு) என்று போகப் போக விலை ஏறிக்கொண்டே போகும். சாதாரண ரைஃபிளின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து அரைக் கிலோ குறைப்பதற்கு முன், முதுகுப்பையில் தேவையில்லாமல் சுமக்கும் அரைக் கிலோ எது என்று தேடிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. வழியில் ஓடை இருக்கும் மலையில் வடிகட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குப்பியைக் குறைப்பது மிக மலிவான எடைக் குறைப்பு.

செலவில்லாமல் எடை குறைக்கக்கூடிய இடம் ஸ்கோப்தான். 300 மீட்டருக்குள் மான் சுடுபவருக்கு 3-9×40 போதும். அது 350 கிராம். 5-25×56 போன்ற பெரிய ஸ்கோப் ஒரு கிலோவைத் தாண்டும். அதோடு அந்த எடை துப்பாக்கியின் மேற்புறத்தில் உட்காருவதால் துப்பாக்கி கையில் ஒருபக்கம் சாயப் பார்க்கும். இலேசான ரைஃபிளை அதிக விலைக்கு வாங்கி அதன்மேல் ஒரு கிலோ ஸ்கோப்பை மாட்டியிருப்பவர்களைப் பயிற்சித் திடல்களில் அடிக்கடி பார்க்கிறேன். கொடுத்த பணம் முழுவதையும் அந்த ஸ்கோப் விழுங்கிவிடுகிறது.

ஸ்கோப் விஷயத்தில் இன்னொன்று. இலேசான துப்பாக்கி வேகமாகப் பின்வரும் என்பதால், கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்விளிம்புக்கும் இடையே குறைந்தது 9 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும் ஸ்கோப்பாக இருக்க வேண்டும். மேடேறும் சரிவில் படுத்துச் சுடும்போது கண் தானாகவே ஸ்கோப்பை நெருங்கிவிடும். அப்போது இடைவெளி போதாவிட்டால் புருவத்தின்மேல் பிறைநிலா வடிவில் வெட்டு விழும். புருவத்தில் அந்தத் தழும்போடு திரியும் வேட்டைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: உடம்போடு பொருத்திப் பார்த்தல்

வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூன்றரைக் கிலோ டம்பெல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கை மாற்றி மாற்றி, ஒரு மணி நேரம் மேடுபள்ளத்தில் நடந்து பாருங்கள். முதுகில் சுமக்கும் எடைக்கும் கையில் பிடிக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு அப்போது புரியும். முன்கை எப்போது சோர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் துப்பாக்கியைப் பார்க்கும்போது, நவம்பர் குளிரில் போடப்போகும் அதே தடித்த மேலங்கியை அணிந்து செல்வது நல்லது. கடைக்காரரின் அனுமதியோடு, அறை காலியென்று இருவரும் பார்த்தபின், பாதுகாப்பான திசையில் ஒரு சிறு புள்ளியைக் குறிவைத்துத் தோளில் ஏற்றுங்கள். கண்ணை மூடி ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ முகத்தைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தால் கட்டையின் நீளம், அதாவது விசையிலிருந்து அதன் பின்முனை வரையுள்ள தூரம், பொருந்தவில்லை. பொருந்தாத நீளம் துப்பாக்கியை உண்மையான எடையைவிடக் கனமாகக் காட்டும். நம்மவர்களில் பலரும் குறிப்பாகப் பெண்களும், வட அமெரிக்கச் சராசரி உடலுக்காகச் செய்த 34 சென்டிமீட்டர்க் கட்டையை நீளமாக உணரக்கூடும். அவர்கள் எடையைக் குறைப்பதற்கு முன் கட்டையின் நீளத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். கட்டை உடலோடு நெருங்கினால் அதே துப்பாக்கி கையில் எளிதாக நிற்கும்.

பிறகு நின்றபடி, அந்தப் புள்ளியின்மேல் குறுக்குக் கோட்டை நிறுத்திப் பாருங்கள். கோடு ஒருபோதும் அசையாமல் நிற்காது. எப்படி அசைகிறது என்பதுதான் செய்தி. மெதுவாக, பெரிய வட்டமாகச் சுற்றிக் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே தொங்கினால் துப்பாக்கி உங்கள் கைக்குக் கனம். நாடித்துடிப்புக்கு ஏற்ப வெடுக்வெடுக்கென்று துள்ளினால் இலேசு. வேகமாக நடந்துவிட்டு வந்து மூச்சு வாங்கும்போது இதைச் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

விசையின் எடையும், அதாவது அதை இழுக்கத் தேவையான அழுத்தமும், இதில் ஒரு பங்காளி. 2.8 கிலோ துப்பாக்கியில் விசையை இழுக்க 2.5 கிலோ அழுத்தம் தேவைப்பட்டால், விரல் இழுப்பது விசையை மட்டுமல்ல, துப்பாக்கியையும்தான். இலேசான துப்பாக்கியில் விசை 1 முதல் 1.5 கிலோவுக்குள், தடங்கலின்றி விடுபடுவதாக இருக்க வேண்டும். தடித்த கையுறை அணிபவர் இதற்குக் கீழே போக வேண்டாம்.

சிறுவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் இலேசான துப்பாக்கியே நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது ஆபத்தான பாதி உண்மை. தூக்குவதற்கு இலேசு, ஆனால் உதைப்பது அவர்களைத்தான் அதிகமாக. அவர்களுக்குக் குட்டையான கட்டையும் .243 போன்ற மெல்லிய தோட்டாவும், 3.2 கிலோவை ஒட்டிய முழு எடையும் சேர்ந்திருக்கும் துப்பாக்கியைத் தேடுங்கள்.

ஆறாம் படி: சுட்டுப் பார்த்து உறுதி செய்தல்

முடிந்தால் வாங்கும் முன்பே நண்பரிடமோ சங்கத்திலோ உள்ள அதே எடைத் துப்பாக்கியைச் சுட்டுப் பாருங்கள். முதலில் தாங்கு மேசையில் குறி சரிபார்த்துவிட்டு, பிறகு மேசையை மறந்துவிட்டு அமர்ந்தும் மண்டியிட்டும் சுடுங்கள். இலேசான துப்பாக்கியை மேசையில் மணல்மூட்டைமேல் வைத்துச் சும்மா விட்டுச் சுட்டால் அது துள்ளிக் குண்டுகள் சிதறும். முன்கட்டையை இடது கையால் உறுதியாகப் பிடித்து, தோளோடு சேர்த்து இழுத்துச் சுடப் பழக வேண்டும்.

உதை உங்களை மிஞ்சிவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. கூட வந்தவர், நீங்கள் பார்க்காமல், மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவை வைக்கட்டும். எது வருமென்று தெரியாமல் சுடுங்கள். பயிற்சித் தோட்டா அறைக்கு வந்து 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்கும் நொடியில் குழல் நுனி அசையாமல் நின்றால் எடையும் தோட்டாவும் உங்களுக்கு ஒத்துப்போகின்றன. குழல் கீழே குனிந்தால், தோள் முன்னால் பாய்ந்தால், கண் இறுக மூடிக்கொண்டால், உடல் உதைக்காகக் காத்திருந்து முந்திக்கொள்கிறது என்று பொருள். இது வீரத்தின் குறைவல்ல, உடலின் இயல்பு. பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் மேலும் சுடுவதால் இது தீராது. இன்னும் ஆழமாக வேர்விடும்.

அப்படி இருந்தால் துப்பாக்கியை உடனே விற்கத் தேவையில்லை. தொழிற்சாலைகள் குறைந்த உதை தரும் தோட்டாக்களைத் தனியாகச் செய்கின்றன. ஹார்னடி நிறுவனத்தின் கஸ்டம் லைட் அத்தகையது. 200 மீட்டருக்குள் மான் சுட அது போதும். செயற்கைக் கட்டையுள்ள துப்பாக்கியானால், அடிக்கட்டையின் ரப்பர் பட்டையைக் கழற்றி, உள்ளே உள்ள குழிவில் 200 முதல் 300 கிராம் ஈய எடையை அசையாதபடி துணிசுற்றி இறுக்கி வைக்கலாம். அவ்வாறு செய்தால் சமநிலை பின்னால் நகரும் என்பதால் நான்காம் படியில் சொன்ன விரல் சோதனையைத் திரும்பச் செய்து, தேவையானால் கொஞ்சம் எடையை முன்கட்டைக்குள்ளும் வைக்க வேண்டும்.

மாறாக, துப்பாக்கி கனமென்று தோன்றினால் முதலில் தோள்வாரை மாற்றுங்கள். வழுக்காத, அகலமான, இலேசான வார் இருந்தால் அதே எடை தோளில் வேறாக அமரும். பிறகு பைபாட் காலைக் கழற்றி வீட்டில் வையுங்கள். முதுகுப்பையைத் தரையில் வைத்து அதன்மேல் தாங்கிச் சுடக் கற்றுக்கொண்டால் அந்த 400 கிராம் தேவைப்படாது. அடுத்தது ஸ்கோப். இவை மூன்றும் போதாதபோதுதான் குழலையும் கட்டையையும் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்த வேட்டைக்குப் போவது என்றே இன்னும் முடிவாகாத ஒருவர் என்னிடம் ஒரே ஓர் எண்ணைக் கேட்டால், .308 அல்லது 6.5 கிரீட்மூர் தோட்டாவில், ஸ்கோப், வார், தோட்டா எல்லாம் சேர்த்து 3.5 முதல் 3.7 கிலோ என்பேன். அந்த எடையில் பரணிலும் அமரலாம், காட்டிலும் நடக்கலாம், ஆண்டுக்கு ஒரு முறை மலையும் ஏறலாம். பயிற்சித் திடலில் ஒரே காலைப்பொழுதில் இருபது முறை சுட்டாலும் தோள் அடுத்த நாள் வலிக்காது. துப்பாக்கி வீட்டுக்கு வந்ததும், எல்லாவற்றையும் மாட்டி, தோட்டாவுக்குப் பதில் அதே எடையில் நாணயங்களை ஒரு பையில் கட்டித் தொங்கவிட்டு, பயணப்பெட்டிகளை நிறுக்கும் கொக்கித் தராசில் வாரைப் பிடித்துத் தூக்கி நிறுத்துப் பாருங்கள். அந்த எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள். பின்னர் ஸ்கோப்பையோ வாரையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் மீண்டும் நிறுத்து, அந்தக் குறிப்பின் கீழேயே எழுதிவர வேண்டும்.